அமெரிக்கப் பதிவெண், ஐரோப்பிய விமானி: ஒரே விமானத்துக்கு இரண்டு உரிமம் ஏன்?

2019 ஜனவரி 21 இரவு, பிரான்சின் நாந்த் நகரிலிருந்து வேல்ஸின் கார்டிஃப் நகருக்குக் கிளம்பிய ஒற்றை எஞ்சின் பைப்பர் மாலிபு விமானம், கெர்ன்சி தீவுக்கு வடக்கே கடலில் விழுந்தது. கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவும் விமானியும் இறந்துபோனார்கள். பயணி அர்ஜென்டினாக்காரர். விமானி பிரிட்டன்காரர். விமானம் பிரிட்டனில்தான் நிறுத்தப்பட்டிருந்தது. ஆனால் அதன் உடலில் எழுதியிருந்த பதிவெண் ‘என்’ என்ற எழுத்தில் தொடங்கியது. அது அமெரிக்காவின் எழுத்து.

இங்கிலாந்தில் குடியிருக்கும் விமானத்துக்கு அமெரிக்கப் பதிவெண் எப்படி வந்தது, இது சட்டப்படி சரியா என்ற கேள்விகள் அப்போது செய்திகளில் நிறைய அடிபட்டன. சட்டப்படி சரிதான். ஐரோப்பா முழுக்க இப்படிப்பட்ட சிறு விமானங்கள் பல பத்தாண்டுகளாகப் பறக்கின்றன. ஆனால் அவற்றை ஓட்டுகிறவர் எந்த நாட்டு உரிமம் வைத்திருக்க வேண்டும் என்பதில் 2008-க்குப் பிறகு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. அது புரிய வேண்டுமானால் 1944-லிருந்து தொடங்க வேண்டும்.

பதிவெண் என்றால் குடியுரிமை

1944-இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கைதான் இன்றுவரை உலக விமானப் போக்குவரத்தின் அடிப்படைச் சட்டம். அதன் 17-ஆவது பிரிவு, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் தேசியத்தைப் பெறும் என்கிறது. 18-ஆவது பிரிவின்படி ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவு செல்லாது. பதிவெண்ணின் முதல் எழுத்துகள் நாட்டைக் காட்டும்: பிரிட்டனுக்கு ‘ஜி’, ஜெர்மனிக்கு ‘டி’, பிரான்சுக்கு ‘எஃப்’, இந்தியாவுக்கு ‘விடி’.

சென்னையில் ஓடும் சொகுசு கார்களில் புதுச்சேரிப் பதிவெண்ணைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவில் நிற்கும் அமெரிக்க விமானமும் மேலோட்டமாக அதே மாதிரிதான் தெரியும். ஆனால் காரில் பதிவெண் மாறினால் ஓட்டுநர் உரிமம் மாற வேண்டியதில்லை. விமானத்தில் பதிவெண்ணோடு சேர்ந்து மற்றவையும் மாறுகின்றன:

1. பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழை விமானம் பதிவான நாடுதான் தர வேண்டும். எந்த மெக்கானிக் கையெழுத்திடலாம், எந்த உதிரிபாகத்தைப் பொருத்தலாம் என்பதெல்லாம் அந்த நாட்டின் விதிப்படிதான்.

2. விமானியின் உரிமத்தை, பதிவான நாடு கொடுத்திருக்க வேண்டும் அல்லது ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். இது 32-ஆவது பிரிவு.

3. வானத்து நடைமுறைகள் மட்டும் இடத்தைப் பொறுத்தவை. பிரான்சுக்கு மேலே பறக்கும்போது உயரம், வழி, கட்டுப்பாட்டு வான்பகுதி எல்லாம் பிரான்சில் நடப்பில் உள்ள விதிப்படி.

இந்த 32-ஆவது பிரிவிலேயே இன்னொரு வரியும் உண்டு. ஒரு நாடு தன் சொந்தக் குடிமகனுக்கு வேறு நாடு கொடுத்த உரிமத்தை, தன் எல்லைக்கு மேல் பறப்பதற்கு ஏற்க மறுக்கலாம். வெளிநாட்டு உரிமத்தை நம்பிப் பறப்பவரை அவரது சொந்த நாடு தடுக்க முடியும் என்பதற்கான வழி அந்த வரியில் அப்போதே இருந்தது.

ஐரோப்பியருக்கு அமெரிக்கப் பதிவெண் எப்படிக் கிடைக்கிறது?

அமெரிக்கச் சட்டப்படி தனிநபர் ஒருவர் விமானத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். மியூனிக்கில் இருக்கும் பல் மருத்துவர் இரண்டும் இல்லை. அவர் ஒரு டிரஸ்ட் வழியாகப் போகிறார். விமானத்தின் சட்டப்படியான உரிமை அமெரிக்க டிரஸ்டியின் பெயரில் இருக்கும். அனுபவிக்கும் உரிமையும் சாவியும் செலவும் மருத்துவருடையவை. டிரஸ்டிக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டணம்.

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. இந்த ஏற்பாட்டை ஏற்கிறது. விமானத்தை உண்மையில் இயக்குவது யார் என்று கேட்டால் டிரஸ்டி உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்று 2013-இல் ஒரு கொள்கை விளக்கமும் வெளியிட்டது.

ஏன் இவ்வளவு சுற்று?

வரியை மிச்சப்படுத்தத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர் அங்கே பயன்படுத்தும் விமானத்துக்கு, பதிவெண் எதுவானாலும், வாட் வரி கட்டியிருக்க வேண்டும். வரி இல்லாமல் தற்காலிகமாகக் கொண்டுவரும் சலுகை ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது, அதுவும் 6 மாதம் வரைதான். ‘என்’ எழுத்து இருக்கிறது என்பதால் சுங்க அதிகாரி விட்டுவிடுவார் என்று நம்பியவர்கள் சிக்கலில் மாட்டுவதற்கு வாய்ப்பு அதிகம்.

உண்மையான காரணம் மேகம்.

அடிப்படைத் தனியார் உரிமம் வைத்திருப்பவர் வெளியே கண்ணால் பார்த்துத்தான் பறக்க முடியும். மேகத்துக்குள் போகக் கூடாது. வட ஐரோப்பாவின் வானிலையில் இது எவ்வளவு பெரிய தடை என்பதைப் பறந்து பார்த்தவர்கள் சொல்வார்கள். 1,500 அடியில் மேகம் மூடியிருக்கிறது, கீழே மலை, மழையில் பார்வை குறைகிறது. விமானி மேகத்துக்கு அடியிலேயே தாழத் தாழ நழுவிப்போகப் பார்க்கிறார். சிறு விமான விபத்துகளில் திரும்பத் திரும்ப வருகிற கதை இது. அதே விமானம் மேகத்தைத் துளைத்து 8,000 அடிக்கு ஏறினால் மேலே வெயில் அடிக்கும். அதற்குக் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி வேண்டும். இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் என்பார்கள், சுருக்கமாக ஐ.ஆர்.

அமெரிக்காவில் ஐ.ஆர். வாங்க 60 கேள்விகள் கொண்ட ஒரே எழுத்துத் தேர்வு, 40 மணி நேரக் கருவிப் பறத்தல், அப்புறம் ஒரு செயல்முறைத் தேர்வு. தனிப் பயிற்றுநரிடம் வார இறுதிகளில் கற்கலாம். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் ஏழு எழுத்துத் தேர்வுகள், 150 மணி நேரத்துக்குக் குறையாத வகுப்புப் படிப்பு, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் 50 மணி நேரப் பறத்தல். பாடத்திட்டம் விமான நிறுவன வேலைக்குப் போகும் 20 வயது இளைஞரை மனதில் வைத்து எழுதப்பட்டது. நாலு பேர் உட்காரும் விமானத்தில் வாரக் கடைசியில் பறப்பவருக்கு அதில் பாதி தேவைப்படாது. வேலையை விட்டுவிட்டுப் படிக்கவும் முடியாது.

ஆக, அமெரிக்கா போய் ஐ.ஆர். வாங்கிவிடலாம். ஆனால் அந்தத் தகுதி செல்ல வேண்டுமானால் ஓட்டும் விமானமும் அமெரிக்கப் பதிவில் இருக்க வேண்டும். உரிமம் விமானத்தையும் தன் பின்னாலேயே அமெரிக்கப் பதிவேட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பராமரிப்பும் ஒரு காரணம். அமெரிக்க முறையில் ஆய்வு அதிகாரம் பெற்ற தனி மெக்கானிக் ஒருவரே ஆண்டுச் சோதனையில் கையெழுத்திடலாம். அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புதிய ஜி.பி.எஸ். கருவியையோ ஆட்டோபைலட்டையோ அந்த ஒப்புதலை வைத்தே பொருத்தலாம். ஐரோப்பியப் பதிவு விமானத்துக்கு அதே கருவிக்கு ஐரோப்பிய ஒப்புதலும் வேண்டியிருந்தது. அதற்குத் தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு.

கொடியிலிருந்து முகவரிக்கு

இந்த விமானங்கள் ஐரோப்பிய அதிகாரிகளை நீண்ட நாள் உறுத்திக்கொண்டிருந்தன. தங்கள் மண்ணிலேயே நிற்கிறது, ஆனால் உரிமமும் பராமரிப்பும் அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து மேற்பார்வை செய்யப்படுகின்றன. 2005-இல் பிரிட்டன் அரசு, வெளிநாட்டுப் பதிவு விமானங்கள் நாட்டில் தங்கும் காலத்தை ஆண்டுக்கு 90 நாளாகக் குறைக்கலாமா என்று கருத்துக் கேட்டது. எதிர்ப்பு வலுவாக இருந்ததால் கைவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியைப் பிடித்தது. விமானத்தைத் தொடாமல் அதை இயக்குகிறவரைப் பிடித்தது. 2008-இன் 216-ஆம் எண் அடிப்படை விதிமுறை, மூன்றாம் நாட்டில், அதாவது ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டில், பதிவான விமானத்தை ஒன்றியத்தில் வசிக்கும் ஒருவர் இயக்கினால் அதற்கும் ஐரோப்பிய விதிகள் பொருந்தும் என்றது. அதற்குப் பதிலாக வந்த 2018-இன் 1139-ஆம் எண் விதிமுறையும் இதையே சொல்கிறது. இயக்குகிறவர் என்றால் பறப்பை உண்மையில் கட்டுப்படுத்துபவர். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உள்ள டிரஸ்டியின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

உரிமம் பற்றிய விதிகள் 2011-இன் 1178-ஆம் எண் விதிமுறையில் வந்து, 2012 ஏப்ரல் 8 முதல் நடப்புக்கு வந்தன. இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் சிக்கல் தெரியும். சிகாகோ உடன்படிக்கைப்படி அமெரிக்க விமானத்துக்கு அமெரிக்கா ஏற்கும் உரிமம் வேண்டும். ஒன்றியச் சட்டப்படி அங்கே வசிப்பவருக்கு ஐரோப்பிய உரிமமும் வேண்டும். ஒன்று மற்றொன்றை ரத்து செய்யவில்லை. இரண்டும் வேண்டும்.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று எழுகிறது. 20 ஆண்டுகளாக அமெரிக்க ஐ.ஆர். வைத்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் பறந்தவர் ஒரு நாள் காலையில் தகுதி இழந்துவிட்டாரா? அதிகாரிகளுக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது. லாப நோக்கமற்ற பறத்தலுக்கு உறுப்பு நாடுகள் விரும்பினால் 2014 ஏப்ரல் வரை விலக்குத் தரலாம் என்றார்கள். அந்தத் தேதி நெருங்கியதும் தள்ளிவைத்தார்கள். திரும்பவும் தள்ளிவைத்தார்கள். கடைசியில் 2022 ஜூன் 20-இல்தான் அது ஓய்ந்தது. பத்து ஆண்டுகள், ஒவ்வொரு முறையும் கெடு முடியும் தறுவாயில்தான் நீட்டிப்பு. ஒரு நாடு விலக்குக் கொடுத்தது, பக்கத்து நாடு கொடுக்கவில்லை என்ற நிலையும் இருந்தது. விமானத்தை விற்கலாமா, பதிவை மாற்றலாமா, தேர்வு எழுதலாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களுக்கு இந்த இழுபறிதான் விதியைவிடப் பெரிய தொல்லை.

‘வசிப்பவர்’ யார் என்பதும் தெளிவில்லை. இரண்டு ஆண்டு வேலைக்காக ஃபிராங்க்ஃபர்ட் வந்திருக்கும் அமெரிக்கர் வசிப்பவரா? ஆண்டில் பாதி ஸ்பெயினிலும் பாதி மொராக்கோவிலும் இருப்பவர்? இத்தனை நாள் தங்கினால் வசிப்பவர் என்று அடிப்படை விதிமுறை கணக்குச் சொல்லவில்லை.

ஐரோப்பா தன் கதவைக் கொஞ்சம் திறந்தது

எனக்கு இந்த விவகாரத்தில் சுவையாகப் படுவது இதுதான். தப்பிப்போனவர்களைப் பிடிக்க வலை வீசியவர்கள், அவர்கள் ஏன் தப்பிப்போனார்கள் என்பதையும் கூடவே சரிசெய்ய வேண்டியதாயிற்று.

1. 2014-இல் திறன் அடிப்படையிலான ஐ.ஆர். வந்தது. வகுப்புப் படிப்பு 80 மணி நேரமாகக் குறைந்தது. பறத்தல் 40 மணி நேரம், அதில் பள்ளியில் செய்ய வேண்டியது குறைந்தது 10 மணி நேரம்தான். வேறு நாட்டு ஐ.ஆர். வைத்து, கருவிவழி விதிகளின் கீழ் தலைமை விமானியாக 50 மணி நேரம் பறந்தவருக்குப் பயிற்சி வகுப்பே தேவையில்லை. செயல்முறைத் தேர்வின்போது வாய்மொழியாகத் தன் அறிவை நிரூபித்தால் போதும்.

2. அதே நேரத்தில் வந்த, ஏறும்போதும் இறங்கும்போதும் அல்லாமல் வழியில் மட்டும் மேகத்துக்குள் பறக்க அனுமதித்த ஒரு தகுதி பெரிதாக எடுபடவில்லை. 2021 செப்டம்பரில் அதன் இடத்துக்கு ‘பேசிக் ஐ.ஆர்.’ வந்தது.

3. 2020 மார்ச்சில் சிறு விமானங்களுக்கான எளிய பராமரிப்பு விதிகள் நடப்புக்கு வந்தன. உரிமையாளரே தன் விமானத்தின் பராமரிப்புத் திட்டத்தை வகுத்து, தன் பொறுப்பில் அறிவிக்கலாம்.

4. 2021 மே மாதம் முதல் அமெரிக்க–ஐரோப்பிய இருதரப்பு உடன்பாட்டின் கீழ் தனியார் உரிமத்தையும், இரவுப் பறத்தல், ஐ.ஆர். தகுதிகளையும் இரு பக்கமும் எளிய முறையில் மாற்றிக்கொள்ளலாம்.

நாலாவது ஏற்பாடு நடப்புக்கு வந்த பிறகுதான் விலக்கு முடிவுக்கு வந்தது. வரிசை சரிதான். 2012-இலேயே இந்த வரிசையில் செய்திருந்தால் பத்தாண்டுக் குழப்பம் மிச்சமாகியிருக்கும். அமெரிக்க முறையில் பயிற்சி பெற்றவர்கள் பாதுகாப்புக் குறைவானவர்கள் என்று யாரும் உருப்படியாக நிரூபித்துக் காட்டி இந்த விதி வரவில்லை. மேற்பார்வை யார் கையில் என்பதுதான் சண்டையின் மையம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று ஒரு விமானி கையில் வைத்திருக்க வேண்டியவை

ஒன்றியத்தில் வசித்துக்கொண்டு அமெரிக்கப் பதிவு விமானத்தைச் சொந்த உபயோகத்துக்கு ஓட்டுபவரின் நிலை இது:

1. அமெரிக்க உரிமம். இதில் இரண்டு வகை. முழுத் தேர்வெழுதி வாங்கியது தனியாக நிற்கும். தன் சொந்த நாட்டு உரிமத்தின் அடிப்படையில் வாங்கியது அந்த உரிமத்தின் மேல் சாய்ந்து நிற்கும். கீழே இருப்பது காலாவதியானால் மேலே இருப்பதும் விழுந்துவிடும்.

2. ஐரோப்பிய உரிமம், பறப்பதற்கேற்ற தகுதிகளுடன்.

3. இரண்டு மருத்துவச் சான்று. அமெரிக்க மூன்றாம் வகுப்புச் சான்று 40 வயதுக்கு மேல் 24 மாதம் செல்லும். ஐரோப்பிய இரண்டாம் வகுப்புச் சான்றை 50 வயது தாண்டியவர்கள் 12 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

4. இரண்டு விதமான நடப்புத் தகுதி. அமெரிக்க உரிமத்துக்கு 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநருடன் மறுபார்வை; மேகத்தில் பறக்க, தரையிறங்குவதற்காகக் கருவிகளைப் பார்த்தே ஓடுபாதையை நெருங்குவதை முந்தைய 6 மாதத்தில் 6 முறை செய்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஐ.ஆர். என்றால் ஆண்டுதோறும் தேர்வாளரின் சோதனை.

5. 2016 ஆகஸ்ட் முதல், பறப்பை நடத்துவது பற்றிய ஐரோப்பிய விதிகளும் இந்த விமானங்களுக்குப் பொருந்துகின்றன. ஜெட் விமானம், 5,700 கிலோவுக்கு மேற்பட்ட விமானம் என்றால் இன்னும் கடுமையான பிரிவு: எழுத்துபூர்வ அறிவிப்பு, செயல்முறைக் கையேடு, பாதுகாப்பு மேலாண்மை அமைப்பு.

6. 2025 ஜூலை 7-க்குள் அமெரிக்காவில் முகவரி இல்லாத உரிமதாரர்கள் அங்கே ஒரு பிரதிநிதியை நியமித்திருக்க வேண்டும். அதிகாரபூர்வக் கடிதங்களைப் பெற்றுக்கொள்வதற்காக.

முதல் அம்சத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்க விதி, அமெரிக்க விமானத்தை வேறொரு நாட்டுக்குள் ஓட்டும்போது அந்த நாடு கொடுத்த உரிமமே போதும் என்கிறது. நல்ல சலுகை மாதிரி தெரிகிறது, இல்லையா? ஜெர்மன் உரிமம் வைத்திருப்பவர் ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்தில் எகெல்ஸ்பாக் விமானத் தளத்திலிருந்து கிளம்பினால் ஜெர்மனிக்குள் எங்கும் போகலாம். சால்ஸ்பர்க் போக ஆஸ்திரிய எல்லையைத் தாண்டினால் கதை மாறும். ஒன்றியச் சட்டப்படி ஜெர்மன் உரிமம் ஆஸ்திரியாவிலும் முழுமையாகச் செல்லும். ஆனால் அமெரிக்க விதி கேட்பது ஆஸ்திரியா ‘கொடுத்த’ உரிமத்தை. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாடு இல்லையே.

சாலா விபத்தில் என்ன நடந்தது?

அந்த விமானியின் அமெரிக்க உரிமம், பிரிட்டன் கொடுத்த உரிமத்தின் மேல் கட்டப்பட்டது. அதில் ஒற்றை எஞ்சின் தகுதி 2018 நவம்பரில் காலாவதியாகியிருந்தது, எனவே அமெரிக்க உரிமமும் பயன்படவில்லை. இரவில் பறக்கவும், பணம் வாங்கிப் பயணியை ஏற்றவும் அவருக்குத் தகுதி இருக்கவில்லை. மேகத்தைத் தவிர்க்கத் திரும்பியபோது கட்டுப்பாடு போயிருக்கலாம் என்றும், புகைபோக்கிக் கசிவால் வந்த கார்பன் மோனாக்சைடு அவரைப் பாதித்திருக்கலாம் என்றும் பிரிட்டனின் விபத்து விசாரணைப் பிரிவு 2020 மார்ச் அறிக்கையில் சொன்னது. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021-இல் 18 மாதச் சிறை. அமெரிக்கப் பதிவெண் இந்த விபத்துக்குக் காரணம் இல்லை. எந்தக் கொடியின் கீழும் அந்தப் பறப்பு நடந்திருக்கக் கூடாது.

பிரிட்டன் வெளியேறிய பிறகு

2020 டிசம்பர் 31-உடன் பிரிட்டன் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பிலிருந்து வெளியேறியது. அன்றுவரை உள்வீட்டு எழுத்தாக இருந்த ‘ஜி’, மறுநாள் ‘என்’ போலவே வெளிநாட்டு எழுத்தாகிவிட்டது. பிரான்சின் தோர்தோன் பகுதியில் ஓய்வுக் காலத்தைக் கழிக்கும் ஆங்கிலேயர் தன் ‘ஜி’ விமானத்தை அங்கே வைத்திருந்தால், பதிவுக்காகப் பிரிட்டன் ஏற்கும் உரிமமும் முகவரிக்காக ஐரோப்பிய உரிமமும் வேண்டும். ஐரோப்பிய உரிமங்களைப் பிரிட்டன் 2022 முடியும்வரை மட்டும் ஏற்றுக்கொண்டது. முன்கூட்டியே விழித்துக்கொண்ட பலர் 2020-க்குள் தங்கள் உரிமத்தை அயர்லாந்து, ஆஸ்திரியா போன்ற நாடுகளுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இவ்வளவு தொல்லைக்குப் பதிலாக விமானத்தை ஐரோப்பியப் பதிவுக்கே மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். புதிதாக வாங்குகிறவர்களுக்கு அது நல்ல யோசனைதான். அமெரிக்க ஐ.ஆர். இல்லாமலே ஐரோப்பாவில் ஐ.ஆர். வாங்க முடிகிறபோது ‘என்’ எழுத்தின் பெரிய கவர்ச்சி போய்விட்டது. பழைய விமானங்களின் பாடுதான் கஷ்டம். 1980-களில் கட்டிய விமானத்தில் நாற்பது ஆண்டுகளாக ரேடியோ, ஆட்டோபைலட், எரிபொருள் தொட்டி என்று மாற்றங்கள் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் அமெரிக்கப் படிவம் இருக்கும், ஐரோப்பிய ஒப்புதல் இருக்காது. பதிவை மாற்றும்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒப்புதல் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கழற்ற வேண்டும். அந்தச் செலவைக் கூட்டிப் பார்க்கிற உரிமையாளர்கள் பலர், இரண்டு உரிமத்தையும் இரண்டு மருத்துவச் சான்றையும் புதுப்பித்துக்கொண்டு ‘என்’ எழுத்தோடேயே தொடர்கிறார்கள்.